ஹத்தின், 1943 மார்ச் 22: தீ வைத்த கைகள் யாருடையவை?

பெலாரஸின் தலைநகர் மின்ஸ்கிலிருந்து வடக்கே விதெப்ஸ்க் போகும் நெடுஞ்சாலையில், ஐம்பத்து நான்காவது கிலோமீட்டரில், ஒரு கிளைச்சாலை வலப்பக்கம் காட்டுக்குள் திரும்புகிறது. அதன் முடிவில் ஹத்தின் என்ற ஊர் இருந்தது. 26 வீடுகள். இன்று அது நினைவிடமாக மட்டும் இருக்கிறது. அங்கே குடியிருக்க யாரும் திரும்பி வரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் மக்களோடு சேர்த்துக் கொளுத்தப்பட்ட கிராமங்கள் பெலாரஸில் நூற்றுக்கணக்கில் உண்டு. நம்மில் பலர் சோவியத் காலத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் பைலோரஷ்யா என்று வாசித்த நாடு அது. அந்த நூற்றுக்கணக்கான ஊர்களில் உலகம் பெயர் சொல்லி அறிந்தது பெரும்பாலும் ஹத்தினை மட்டும்தான். அந்த ஊருக்கு நினைவிடம் கட்டிய அதே அரசு, அந்த ஊரை எரித்தவர்கள் யார் என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பொதுமக்களிடமிருந்து மறைத்தது. ஒரு பிற்பகலில் நடந்த கொலையை மட்டும் சொல்லி முடித்தால் இந்த ஊரின் வரலாறு பாதிதான் சொல்லப்பட்டதாகும் என்று நினைக்கிறேன்.

எரிவதற்கு முன்

ஹத்தின் இருந்த லகோய்ஸ்க் வட்டாரம் காடு மண்டிய பகுதி. போலந்து-லித்துவேனியக் கூட்டரசின் காலத்திலிருந்து திஷ்கேவிச் பிரபுக் குடும்பத்துக்கு அங்கே நிலமும் செல்வாக்கும் இருந்தன. 1793இல் போலந்து இரண்டாம் முறையாகக் கூறுபோடப்பட்டபோது மின்ஸ்க் பகுதி ரஷ்யப் பேரரசுக்குப் போனது. 1921இல் ரீகா உடன்படிக்கை பெலாரஸை இரண்டாகப் பிளந்தபோது லகோய்ஸ்க் சோவியத் பக்கம் நின்றது. அதன்பின் கூட்டுப் பண்ணைகள் வந்தன. ஆட்சிகள் இப்படி மாறியதன் தடம் ஊர்க்காரர்களின் பெயர்களில் தங்கியிருந்தது. யூசிப், கசிமிர், ஆதாம் என்ற கத்தோலிக்கச் சாயல் கொண்ட பெயர்களை நினைவிடத்தின் பட்டியலில் இன்றும் படிக்கலாம்.

அங்கே வீடு என்றால் மரத்தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. உள்ளே செங்கல்லாலான பெரிய அடுப்பு. சமையல், குளிர்காயல், வயதானவர்களின் உறக்கம் எல்லாம் அதைச் சுற்றித்தான். அப்படிப்பட்ட வீடு எரிந்தால் அடுப்பும் அதன் புகைபோக்கியும் மட்டுமே நிமிர்ந்து நிற்கும். போர் முடிந்து பெலாரஸ் கிராமப்புறத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன காட்சி இது.

1941 ஜூன் 22இல் ஜெர்மனி படையெடுத்தது. ஆறே நாளில், ஜூன் 28இல், மின்ஸ்க் விழுந்தது. அந்த ஆகஸ்டிலேயே லகோய்ஸ்க் சிறுநகரத்தின் யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காடுகளில் கெரில்லாப் படைகள் திரண்டன. 1943 வாக்கில் இந்தப் பகுதியில் பகலில் சாலை ஜெர்மானியர் கையிலும், காடும் இரவும் கெரில்லாக்கள் கையிலும் இருந்தன. நடுவில் இருந்த கிராமத்தான் இரு தரப்புக்கும் உணவும் இடமும் தர வேண்டியிருந்தது. மறுத்தால் இவர்களும் விடமாட்டார்கள், கொடுத்தால் அவர்களும் விடமாட்டார்கள்.

அந்த ஒரு நாள்

மார்ச் 21 இரவு "மாமா வாஸ்யா" என்ற பெயரில் அறியப்பட்ட கெரில்லாப் படையணியைச் சேர்ந்தவர்கள் ஹத்தினில் தங்கினார்கள். மறுநாள் காலை பிளெஷ்செனித்சி - லகோய்ஸ்க் சாலையில் பதுங்கி, ஜெர்மானியரின் துணைக் காவல் படை வாகனங்களைத் தாக்கினார்கள். அதில் 118ஆம் துணைக் காவல் பட்டாலியனின் முதல் கம்பெனித் தளபதி ஹான்ஸ் வோல்கே கொல்லப்பட்டார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் 16.20 மீட்டர் எறிந்து தங்கம் வென்றவர் அவர். அவரோடு காவலர்கள் சிலரும் இறந்தார்கள்.

முதல் பழி வாங்கல் ஹத்தினில் நடக்கவில்லை. சாலையோரத்தில் கோசிரி என்ற ஊர்க்காரர்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பதுங்கித் தாக்குபவர்களுக்கு மறைவு இருக்கக்கூடாது என்று சாலையோர மரங்களை வெட்டச் சொன்னதே ஜெர்மானிய நிர்வாகம்தான். கெரில்லாக்களுக்கு உதவியதாகச் சந்தேகித்து அவர்களைப் பிடித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களை அங்கேயே சுட்டார்கள். ஹத்தின் பற்றிய பேச்சில் இந்த மரவெட்டிகள் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள். காவல் படை சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களே அன்று முதலில் சாகடிக்கப்பட்டவர்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "ஒத்துழைத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்" என்ற வாதத்துக்கு அவர்களின் சாவு போதுமான பதில்.

கெரில்லாக்களின் தடம் ஹத்தின் பக்கம் போனது. 118ஆம் பட்டாலியன் உதவி கேட்டது. நாஜிகளின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ்.ஸைச் சேர்ந்த, ஓஸ்கர் டிர்லெவாங்கரின் சிறப்புப் பட்டாலியன் வந்து சேர்ந்தது. ஊரைச் சுற்றிச் சண்டை நடந்தது. கெரில்லாக்கள் சிலரை இழந்து காட்டுக்குள் பின்வாங்கினார்கள். ஊர் மக்களால் அப்படிப் பின்வாங்க முடியவில்லை.

வீடு வீடாகப் புகுந்து எல்லோரையும் வெளியே தள்ளினார்கள். நோயாளிகளையும் எழுப்பினார்கள், கைக்குழந்தைகளையும் விடவில்லை. பிறந்து ஏழு வாரமான குழந்தை ஒன்று இருந்தது. ஒன்பது பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒன்று, ஏழு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இரண்டு. அன்று தற்செயலாகப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தவர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். எல்லோரையும் ஒரு கொட்டகைக்குள் அடைத்து, கதவைப் பூட்டி, சுற்றிலும் வைக்கோலைப் போட்டு, எரிபொருளை ஊற்றிக் கொளுத்தினார்கள். கதவுக்கு எதிரே இயந்திரத் துப்பாக்கி. நெருப்பு கூரையைப் பிடித்து, உள்ளிருந்தவர்களின் நெருக்கலில் கதவு சரிந்தபோது, வெளியே ஓடியவர்களைச் சுட்டார்கள்.

149 பேர் இறந்தார்கள். அவர்களில் 75 பேர் குழந்தைகள்.

கொட்டகைக்குள்ளிருந்து தப்பி, போர் முடியும்வரை உயிரோடிருந்த பெரியவர் ஒருவர்தான்: ஊர்க் கொல்லர் யூசிப் காமின்ஸ்கி, வயது 56. தீக்காயங்களோடு மயங்கிக் கிடந்தவருக்கு இரவில்தான் நினைவு திரும்பியது. பிணங்களுக்கு நடுவே மகன் ஆதாமைக் கண்டெடுத்தார். பையனுக்கு வயது 15. அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டுவிட்டு மகன் இறந்துபோனான் என்று பின்னாளில் விசாரணையில் அவர் சொன்னார். சிறுவர்கள் இருவர் கொட்டகையிலிருந்து தப்பினார்கள்; ஒருவன் தாயின் உடலுக்கு அடியில் கிடந்து பிழைத்தவன், இன்னொருவன் காலில் குண்டடி பட்டு, இறந்தவன் என்று விடப்பட்டவன். வேறு மூன்று பிள்ளைகள் கொட்டகைக்குக் கொண்டுபோகப்படாமல் ஒளிந்து தப்பினார்கள். இளம்பெண்கள் இருவர் எரியும் கொட்டகையிலிருந்து தவழ்ந்து காட்டுக்குள் போனார்கள்; ஹ்வரஸ்தேனி என்ற ஊர்க்காரர்கள் அவர்களை எடுத்துக் காப்பாற்றினார்கள். பிறகு அந்த ஊரும் எரிக்கப்பட்டது. அந்த இருவரும் அதில் இறந்தார்கள்.

ஏன் நடந்தது

பலரும் சொல்லும் காரணம் வோல்கே. ஒலிம்பிக் வீரன், ஹிட்லருக்கு வேண்டியவன், அவன் செத்த கோபம் என்பார்கள். கதையாகச் சொல்ல வசதியான காரணம் இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1942 ஜூனில் மொகிலேவ் பகுதியின் போர்க்கி கிராமத்தில் இதே டிர்லெவாங்கர் படை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அங்கே எந்த ஒலிம்பிக் வீரரும் சாகவில்லை. ஹத்தின் எரிந்த அதே பிப்ரவரி - மார்ச்சில் வடக்கே லாத்வியா எல்லையை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் திட்டமிட்ட ஒரு நடவடிக்கையில் எரிக்கப்பட்டன. 1944 ஜனவரியில் ஸ்வெத்லகோர்ஸ்க் பகுதியின் ஓலா கிராமத்தில் 1,758 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 950 பேர் குழந்தைகள். எண்ணிக்கையில் ஹத்தினைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

இந்த எல்லா ஊர்களுக்கும் பொதுவாக இருந்தது ஆணைதான். படையெடுப்புக்கு முன்பே, 1941 மேயில், சோவியத் மண்ணில் பொதுமக்களுக்கு எதிராகச் செய்யும் குற்றங்களுக்குப் படைவீரர்மீது வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை என்று ஆணை பிறந்தது. 1942 டிசம்பர் 16இல் படைத்தலைவர் கைட்டல், கெரில்லா ஒழிப்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிராகக்கூட எந்த வழியையும் கட்டுப்பாடின்றிக் கையாளப் படைகளுக்கு உரிமையும் கடமையும் உண்டு என்று உத்தரவிட்டார். ஹத்தின் அதற்கு மூன்று மாதம் பிறகு. வோல்கே அந்த நாளையும் அந்த இடத்தையும் முடிவு செய்திருக்கலாம். கொட்டகையும் வைக்கோலும் அதற்கு முன்பே வழக்கமாகிவிட்ட முறை.

கெரில்லாக்களின் பங்கைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். சாலையில் சுட்டுவிட்டு, முந்தைய இரவு தங்கிய ஊர்ப்பக்கமே அவர்கள் திரும்பினார்கள். பின்விளைவு என்ன என்பது 1943இல் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல. சோவியத் காலத்தில் இந்தக் கேள்வியை எழுப்பவே முடியாது. ஆனால் இதைக் காட்டிக் கொலைகாரர்களின் பொறுப்பில் ஒரு துளியைக்கூடக் குறைக்க முடியாது. ஆயுதமில்லாத 149 பேரை அடைத்துவைத்துக் கொளுத்தும்படி எந்தச் சண்டையும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

கொன்றவர்கள் இதை எப்படி எழுதி வைத்தார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. 118ஆம் பட்டாலியனின் ஜெர்மானியத் தளபதி எரிஹ் கோர்னர் ஏப்ரலில் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை ஹத்தினை ஒரு போர்க்களமாகக் காட்டுகிறது. எல்லா வீடுகளிலிருந்தும் எதிரி சுட்டானாம். பீரங்கியும் மோர்ட்டாரும் தேவைப்பட்டனவாம். 34 "கொள்ளையர்" இறந்தார்களாம். அவர்களோடு ஊர்க்காரர்கள் பலரும் இறந்தார்கள், சிலர் தீயில் மாண்டார்கள் என்று ஒரு வரி. கொட்டகை என்ற சொல் தேவைப்படாத வகையில் அந்த அறிக்கை கட்டப்பட்டிருக்கிறது.

நினைவிடம்

1960களின் நடுவில், பெலாரஸ் கம்யூனிஸ்ட் கட்சியின் முதன்மைச் செயலாளராக பியோத்தர் மாஷெரவ் இருந்தபோது, எரிந்த ஊர்கள் அனைத்துக்குமான நினைவிடம் ஹத்தினில் என்று முடிவானது. மாஷெரவ் தானே கெரில்லாத் தலைவராக இருந்தவர். அவருடைய தாயை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றிருந்தார்கள். கட்டடக் கலைஞர்கள் யூரி கிராதவ், வலந்தீன் ஸான்கோவிச், லியனீத் லேவின். சிற்பி செர்கேய் செலிஹானவ். 1969 ஜூலை 5இல் திறந்தார்கள். மறு ஆண்டு லெனின் பரிசு கிடைத்தது.

சோவியத் நினைவுச் சின்னங்களில் வழக்கமாக இருக்கும் வெற்றி முழக்கம் இங்கே இல்லை. இறந்த மகனைக் கைகளில் ஏந்தி நிற்கும் ஆறு மீட்டர் உயர வெண்கலக் கிழவர் ஒருவர் மட்டும் நுழைவிடத்தில் நிற்கிறார். காமின்ஸ்கியின் கதைதான் அதற்கு மூலம். ஒவ்வொரு வீடும் இருந்த இடத்தில் மரவீட்டின் அடிவரிசையைப் போலக் கான்கிரீட் சட்டகம், திறந்தே கிடக்கும் படல், நடுவில் புகைபோக்கி வடிவில் ஒரு தூண். தூணில் அந்த வீட்டில் இருந்தவர்களின் பெயர்கள். 26 தூண்களின் உச்சியிலும் மணிகள். முப்பது நொடிக்கு ஒருமுறை ஒலிக்கின்றன. கொட்டகை இருந்த இடத்தில் சரிந்த கூரையைப்போல் கருங்கல் பலகைகள்.

அப்பால் ஊர்களின் இடுகாடு. மக்களோடு எரிக்கப்பட்டு, திரும்பக் கட்டப்படாத வேறு 185 கிராமங்களின் பெயர்களும் ஒவ்வொரு ஊரின் மண்ணும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. எரிந்தபின் மீண்டும் எழுந்த 433 ஊர்களின் பெயர்களைத் தனியே பொறித்திருக்கிறார்கள். நான்கு மூலைகள் கொண்ட மேடையில் மூன்று பிர்ச் மரங்கள். நான்காவது மூலையில் மரத்துக்குப் பதில் அணையாத நெருப்பு. நாட்டில் நால்வரில் ஒருவர் இறந்தார் என்பது அதன் பொருள்.

கலையாக இதற்கு இணையான போர் நினைவிடங்கள் குறைவு என்பது என் துணிபு. ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. அந்த நால்வரில் ஒருவர் என்ற கணக்கில் கொல்லப்பட்ட பெலாரஸ் யூதர்களும் அடங்குவார்கள். மக்கள்தொகை விகிதத்தில் எவரையும்விட அதிகம் அழிந்தவர்கள் அவர்கள். அவர்களைத் தனியே குறிக்கும் ஒரு சொல்லும் அன்றைய வடிவமைப்பில் இடம்பெறவில்லை. "சோவியத் குடிமக்கள்" என்ற பொதுச் சொல்லுக்குள் எல்லோரையும் கரைப்பதே அன்றைய கொள்கை. வடிவமைத்த மூவரில் ஒருவரான லேவின் யூதர். அவர் பின்னாளில், 2000இல், யூதர்களை அடைத்துவைத்த மின்ஸ்க் கெட்டோவின் கொலைக்குழியான "யாமா"வில், படியிறங்கிப் போகும் மனிதர்களின் சிலைவரிசையை அமைத்தார். ஹத்தினில் சொல்ல முடியாததை அவர் அங்கே சொன்னதாகவே எனக்குப் படுகிறது.

வெளிநாட்டில் எழுந்த சந்தேகம் வேறு. ஸ்மலென்ஸ்க் அருகே கத்தின் காட்டில் 1940இல் சோவியத் உளவுப் போலீஸ் போலந்து அதிகாரிகளைச் சுட்டுப் புதைத்திருந்தது. அந்தப் பழியை மாஸ்கோ 1990 வரை ஜெர்மனிமீதே போட்டது. இரண்டு பெயர்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிப்பதால், உலகைக் குழப்பவே ஹத்தினைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று மேற்கில் பலர் எழுதினார்கள். 1974 ஜூலையில் அமெரிக்க அதிபர் நிக்சனை ஹத்தினுக்கு அழைத்துப் போனதும் அந்தப் பேச்சு வலுத்தது. தேர்வுக்கு உள்ளூர்க் காரணங்களும் உண்டு: மின்ஸ்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், நல்ல சாலை, நடந்ததைச் சொல்ல உயிரோடு ஒரு சாட்சி. பெயர்க் குழப்பத்தால் மாஸ்கோவுக்கு ஆதாயம் கிடைத்திருக்கலாம். அதற்காக ஹத்தினின் 149 பேரைப் பிரசாரம் என்று தள்ளிவிடுவது இன்னொரு அநீதி.

மூடிய கதவுக்குள் வழக்கு

நினைவிடத்துக்கு வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அப்போது சொல்லப்பட்ட விடை ஒரு சொல்தான்: "ஃபாசிஸ்டுகள்". 118ஆம் பட்டாலியன் 1942இல் கியேவில் உருவாக்கப்பட்டது. உக்ரைனியர் பலர், சிறைப்பட்ட முன்னாள் செஞ்சேனை வீரர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஜெர்மானிய முகாம்களில் சோவியத் போர்க்கைதிகள் பட்டினியால் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த முகாமிலிருந்து வெளியேற ஒரே வழி எதிரியின் சீருடையை அணிவதுதான் என்று நினைத்தவர்கள் உண்டு. சீருடை அணிந்ததை அது விளக்கலாம். கொட்டகைக் கதவை விளக்காது.

பட்டாலியனின் தலைமை அலுவலர் ஹிரிகோரி வஸ்யூரா முன்னாள் செஞ்சேனை அதிகாரி. போருக்குப் பின் கடந்த காலத்தில் பாதியை மட்டும் ஒப்புக்கொண்டார். 1952இல் 25 ஆண்டுத் தண்டனை பெற்று, 1955 பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். கியேவ் பகுதியில் அரசுப் பண்ணை ஒன்றின் துணை இயக்குநர் ஆனார். போர்வீரர் என்ற முறையில் பள்ளி மாணவர்கள் முன் பேசினார். இன்னொருவர், கம்பெனி அதிகாரியாக இருந்த வசீலி மெலேஷ்கோ, ரஸ்தோவ் பகுதியில் வேளாண் அலுவலராக வாழ்ந்தார்.

மெலேஷ்கோ 1974இல் பிடிபட்டார். மறு ஆண்டு மரண தண்டனை. அந்த விசாரணைகளில் வஸ்யூராவின் பெயர் வெளிவந்தும் அவரை எட்டப் பத்தாண்டு ஆனது. 1986 இறுதியில் மின்ஸ்கில் ராணுவ நீதிமன்றத்தில் அவர்மீது வழக்கு நடந்தது. அவருக்குக் கீழே இருந்தவர்களே சாட்சி சொன்னார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1987இல் நிறைவேற்றப்பட்டது. இதில் எதையும் அன்றைய செய்தித்தாள்கள் மக்களுக்குச் சொல்லவில்லை. உக்ரைனின் கட்சித் தலைமை கேட்டுக்கொண்டதால் மறைக்கப்பட்டது என்று பின்னர் பேசப்பட்டது. சகோதர மக்களின் நட்பு என்ற அரசுக் கொள்கைக்கு இந்த வழக்கு இடைஞ்சல் என்பது மட்டும் வெளிப்படை.

அந்த மறைப்பால் விளைந்த தீமை பெரிது. யூசிப் காமின்ஸ்கி 1973இல் இறந்தார். மெலேஷ்கோ பிடிபட்டது அதற்கடுத்த ஆண்டு. தன் ஊரை எரித்தவர்கள் கூண்டில் நின்றதை அவர் பார்க்கவில்லை. பார்க்க முடிந்த மற்றவர்களுக்கும் நாட்டுக்கும் அந்தத் தீர்ப்பு கேட்கும்படி வாசிக்கப்படவில்லை. சோவியத் யூனியன் உடைந்தபின் உண்மை துண்டுதுண்டாக வெளிவந்தபோது, ஒரு பக்கம் "இது உக்ரைனியர் வேலை" என்று முழு மக்கள்மீதும் பழி போட்டார்கள். மறுபக்கம் "எல்லாம் கட்டுக்கதை" என்றார்கள். 1986இலேயே பெயர்களும் பொறுப்பும் தனித்தனியாகத் திறந்த மன்றத்தில் வாசிக்கப்பட்டிருந்தால் இரண்டு பேச்சுக்கும் இத்தனை இடம் கிடைத்திருக்காது.

118ஆம் பட்டாலியனில் இருந்து தண்டனைக்குத் தப்பியவர்களில் ஒருவர் விளாதிமிர் கத்ரியுக். கனடாவின் கியூபெக்கில் தேனீ வளர்த்து வாழ்ந்தார். போர்க்காலப் பணியை மறைத்துக் குடியுரிமை பெற்றார் என்று 1999இல் கனடா நீதிமன்றம் கண்டது. கொலைகளில் பங்கேற்றதற்கு ஆதாரம் இல்லை என்றது. 2007இல் குடியுரிமையைப் பறிக்க வேண்டாம் என்று அரசு முடிவெடுத்தது. பிறகு சோவியத் விசாரணை ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாளர், கொட்டகை முன் இயந்திரத் துப்பாக்கியில் இருந்தவராக அவரைக் குறிக்கும் வாக்குமூலத்தை வெளியிட்டார். கத்ரியுக் கடைசிவரை மறுத்தார். 2015 மேயில் இறந்தார்.

2022இல் பெலாரஸ் "பெலாரஸ் மக்கள் இனப்படுகொலை" குறித்துச் சட்டம் இயற்றியது; அதை மறுப்பது குற்றம். 2023 மார்ச்சில், எண்பதாம் ஆண்டு நினைவில், ஹத்தினில் புதிய அருங்காட்சியகமும் தேவாலயமும் திறக்கப்பட்டன. 2024இல் உச்சநீதிமன்றம், இறந்துவிட்ட கத்ரியுக்கை விசாரித்துக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பில் எனக்கு நிறைவு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்ல முடியாது, வாக்குமூலம் தந்தவர்களை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அவர்மீதான சான்றுகளின் அடித்தளம் 1970, 80களில் மூடிய அறைகளில் எழுதப்பட்ட தாள்கள்தான். சாட்சிகளும் குற்றவாளிகளும் உயிரோடு இருந்தபோதே அந்தத் தாள்களைத் திறந்து வைத்திருக்க முடியும்.